அலுவலக மெயிலுக்கு விதிகள் எழுதும்போது எதில் தொடங்குவது?

இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு மெயில் விதிகள் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் எழுத வேண்டியது கண்காணிப்பு பற்றி. நிர்வாகம் மெயிலைப் பார்க்குமா, எப்போது, யார் அனுமதியோடு என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற ஊழியரின் அலுவலக யாஹூ மெசஞ்சர் உரையாடல்களைப் படித்து, அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அங்கே தடை இருந்தது. ஆனாலும், கண்காணிப்பின் அளவை முன்பே சொல்லவில்லை என்பதையும் கணக்கில் எடுத்து, 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெறும் தடை போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது.

அடுத்தது பணம். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. பழைய பில்லில் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். மோசடி முகவரியில் பல நேரம் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கும், அவசரத்தில் கண்ணில் படாது.

அலுவலக மெயில் ஊழியரின் சொந்த ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்ட் ஆவதைத் தாளில் தடுத்தால் மட்டும் போதாது, நிறுவனங்களுக்கான கூகுளின் மெயில் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் அட்மின் பக்கத்திலேயே அணைத்துவிடுங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் கணக்கை உடனே அழிக்காதீர்கள். வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்து, பழைய மெயில்களை மேலாளருக்கு மாற்றிய பிறகு அழியுங்கள்.