மெலிந்த எஃகுத் தூண் நெளியாமல் இருக்க உயர்ரக எஃகு போதுமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையே நடைபாதைக் கூரை, 4 மீட்டர் உயரக் குழாய்த் தூண்கள். எஸ்275 ரக எஃகுக்குப் பதில் அதைவிட வலிமையான எஸ்355 போட்டால் அதே மெலிவில் கூடுதல் சுமை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிதாகத் தாங்காது. நெளிவைத் தடுப்பது எஃகின் விறைப்பு. அது இரண்டு ரகத்துக்கும் ஒன்றே: சதுர மில்லிமீட்டருக்கு 210,000 நியூட்டன்.

114.3 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிப்பும் கொண்ட குழாயை, இரு முனையும் கீல் (நகராது, ஆனால் திரும்பும்) என்று வைத்து, ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடுபடி கணக்கிட்டேன். எஸ்275இல் சுமார் 253 கிலோநியூட்டன் தாங்குகிறது, எஸ்355இல் 269. எஃகின் வலிமை 29 சதவீதம் கூடியும் தூணுக்குக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதே எடையை 47 மி.மீ. திடக் கம்பியாக நிறுத்தினால் ஆய்லர் சூத்திரப்படி (குறையே இல்லாத நேர்த்தூண் நெளியும் சுமையைத் தருவது) 30 கிலோநியூட்டனிலேயே நெளியும். குழாய்க்கு அதே சூத்திரம் 333 தருகிறது. ஆகவே பணத்தை விட்டத்தில் போடுங்கள்.

நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீள ஈர்க்குச்சியை நிறுத்தி அழுத்தினால் உடனே வளையும். பாதியாக ஒடித்து அழுத்திப் பாருங்கள், விரல்தான் வலிக்கும். நீளம் பாதியானால் ஆய்லர் சுமை நான்கு மடங்கு. எஸ்355க்குக் கொடுத்த காசு அப்போதுதான் பலிக்கும். ஆனால் அந்தச் சட்டம் எல்லாத் திசையிலும் தூணைப் பிடிக்க வேண்டும், அதன் மறுமுனை அசையாத ஒன்றில் முடிய வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது உங்கள் தூணின் உச்சி. ஒற்றை வரிசைத் தூண்கள் என்றால் கூரையோடு சேர்ந்து உச்சியும் பக்கவாட்டில் ஆடும். அடி முழு உறுதியாக இருந்தாலும் கணக்குக்கான நீளம் 4 அல்ல, 8 மீட்டர். ஆய்லர் சுமை கால்பங்காகிவிடும். இதைத் தவறவிட்ட வரைபடங்களை நான் திருத்தியிருக்கிறேன்.

பொருள் வந்ததும் தூண் நேராக இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தூணின் இரு முனைக்கும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எஃகு அளவுகோலைச் செருகினோம். 9 மி.மீ. இடைவெளி. கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்தது, திருப்பி அனுப்பினேன். எஃகு ஆலை தரும் மில் சான்றிதழையும் வாசியுங்கள். மேலே சொன்ன 253, இஎன் 10210 என்ற ஐரோப்பியத் தரப்படி சூடாக உருவாக்கிய வெப்பமுறைக் குழாய்க்கானது. இஎன் 10219 என்று இருந்தால் அது சூடாக்காமல் வளைத்துச் செய்த குளிர்முறைக் குழாய். அதே அளவுக்கு 207தான் கிடைக்கும்.