கூரை வழியாக இறங்குகிறார்கள் என்கிறார் அண்ணா

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் மானிப்பாயைச் சேர்ந்தவள். என் அண்ணா பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவர். இரண்டு ஆண்டுகளாக, இரவில் யாரோ ஓட்டைப் பிரித்து இறங்கித் தமக்கு நஞ்சூட்டப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே அலுமாரியை இழுத்துவைத்துவிட்டு விடிய விடிய விழித்திருக்கிறார். ஓடுகள் குலையாமல் இருப்பதை ஏணி வைத்து ஏறிக் காட்டினேன். திரும்ப அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். அதே மனிதர், காலையில் மெய்ப்புத் தாளில் ஓர் ஒற்றுப்பிழையையும் தப்பவிடமாட்டார்.

எங்கள் ஊர் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பணியாற்றியவரின் மகன் டாக்டர் வில்லியம் செஸ்டர் மைனர், இலண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, மனநோய்க் காப்பகத்தில் இருந்தபடியே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு உழைத்தார் என்று அண்மையில் அறிந்தேன். அண்ணாவும் அப்படி ஒரு கொலை செய்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். வேலையைக் கூட்டிக் கொடுத்தால் குணமாகிவிடுமோ என்றும் நினைக்கிறேன். வெளியே தெரிந்துவிடும் என்று அம்மா மருத்துவரிடம் போகவிடவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

அலுமாரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் மைனரின் நினைவுதான் எனக்கும் வந்தது. அவரும் கதவுக்குக் குறுக்கே தளபாடங்களை நிறுத்திவைத்துவிட்டுத்தான் படுத்தார்.

1834-இல் இலங்கையில் பிறந்து, யேலில் மருத்துவம் பயின்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இராணுவ மருத்துவராக இருந்த அவர், 1868-இலேயே வாஷிங்டனில் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பின்னர் இலண்டனில் தனியாக, கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியோடு வாழ்ந்தார். 1872 பெப்ரவரியில் ஓர் இரவு, அறைக்குள் ஆள் புகுந்ததாக நம்பித் தெருவுக்கு ஓடி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற மதுவடிசாலைத் தொழிலாளியைச் சுட்டார். சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்பாகி, பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். மெரெட்டின் மனைவி பின்னாளில் அங்கே சென்று அவரைச் சந்தித்து, புத்தகங்களும் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வேலையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே விடை சொல்கிறது. பழைய நூல்களைப் படித்துச் சொற்களுக்குத் தாமே அட்டவணை வகுத்துக்கொண்டு, அகராதித் தொகுப்பாளர்கள் அப்போது எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று கேட்டறிந்து, அச்சொல் நூல்களில் ஆளப்பட்டதற்குச் சான்றான மேற்கோளை அனுப்பினார். அவருடைய மேற்கோள்களைக் கொண்டே நான்கு நூற்றாண்டு மொழியை விளக்கிவிடலாம் என்று தலைமைத் தொகுப்பாளர் ஜேம்ஸ் மர்ரே பாராட்டினார். அந்த உழைப்பு அவருக்கு மதிப்பையும் மர்ரேயின் நட்பையும் தந்தது. ஆனால் இரவில் ஆட்கள் வருவது நிற்கவில்லை. 1902-இல் தம் உடலைத் தாமே கொடூரமாகக் காயப்படுத்திக்கொண்டார். ஆகவே அண்ணாவின் வேலையைப் பறிக்க வேண்டாம், அதையே மருந்தாக நம்பவும் வேண்டாம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று தேடியவருக்குத் தம் அச்சத்துக்குச் சான்றில்லை என்பது தெரியாமற்போனது அறிவுக்குறையால் அன்று. இத்தகைய திரிபு நம்பிக்கை, எதிரே வைக்கும் சான்றையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும். நீங்கள் காட்டிய ஓட்டுக்கு அண்ணா சொன்ன பதிலே அதற்குச் சாட்சி. ஏணியை எடுத்து வைத்துவிடுங்கள். வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு யாரும் தெரியவில்லை அண்ணா, ஆனால் நீங்கள் பயந்துபோயிருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. தம்மையே வருத்திக்கொள்ளும் ஆபத்துதான் கூடுதல். கத்தி, பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். சாவைப் பற்றியோ, வருகிறவர்களைத் திருப்பித் தாக்குவது பற்றியோ பேசினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மைனருக்கு இருந்த நோயை இன்று மனச்சிதைவு என்கிறோம். அண்ணாவுக்கு இருப்பதும் அதுதானா என்பதை நேரில் பார்க்கும் மனநல மருத்துவரே சொல்ல முடியும். 1920-இல் மைனர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் இந்நோய்க்கு முதல் பயனுள்ள மருந்து புழக்கத்துக்கு வந்தது. அவருக்குக் கிடைக்காதது அண்ணாவுக்குக் கிடைக்கும் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அண்ணாவிடம் நோயின் பெயரை எடுக்காமல், இத்தனை நாள் உறங்காத உடம்பு என்னாகும் என்று பேச்சைத் தொடங்குங்கள். உறக்கமின்மை உண்மையானது, அதை அவரும் ஒப்புக்கொள்வார். அதைச் சொல்லியே இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.