தந்திர சாதனை என்றால் வசியமும் பாலுறவும்தானா?

மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள்: தந்திர சாதனைக்கு, அதாவது தந்திர வழிபாட்டுப் பயிற்சிக்கு, மதுவும் பாலுறவும் கட்டாயமா, அது பில்லி சூனியத்துக்கு இன்னொரு பெயரா, யூடியூப் பார்த்து மந்திரம் ஜபித்தால் ஆபத்தா. நான் குரு இல்லை, தீட்சை வாங்கியவனும் இல்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். மாரியம்மன் கோயிலில் நம் வழக்கப்படி பூஜை, கொஞ்சம் தள்ளியிருக்கும் பகவதி கோயிலில் கேரள முறை. அந்தப் பகவதி கோயில் கமிட்டியில் இருந்ததால் தந்திரியிடம், அதாவது கோயில் சடங்குகளுக்குத் தலைமை ஏற்பவரிடம், பேசிப் பழகும் வாய்ப்பு கிடைத்தது. அந்த அளவில் சொல்கிறேன்.

இங்கே தந்திரத்தில் ஒளிவுமறைவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோயில் நடப்பதே அதை வைத்துத்தான். சபரிமலைக்குத் தாழமண் குடும்பம், குருவாயூருக்குச் சேன்னாஸ் குடும்பம் என்று தந்திரி ஸ்தானம் பரம்பரையாக வரும். தினசரி பூஜை மேல்சாந்தி எனும் தலைமைப் பூசாரியின் பொறுப்பு. பிரதிஷ்டை, கலசம், கொடியேற்றம் என்றால் தந்திரி வரவேண்டும். தெய்வத்துக்கே அவர் தகப்பன் ஸ்தானம் என்பார்கள். அவர்கள் பின்பற்றுவது தந்திரசமுச்சயம் என்ற நூலை. 15-ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி எழுதியது. விஷ்ணு, சிவன், சங்கரநாராயணர், துர்க்கை, சுப்பிரமணியர், கணபதி, சாஸ்தா ஆகிய ஏழு தெய்வங்களுக்கும் கோயில் கட்டுவது, பிரதிஷ்டை, பூஜை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டில் ஆகமம் என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். திருமந்திரமே ஒன்பது தந்திரங்களாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

தந்திர பூஜையை நேரில் பார்க்க வேண்டுமானால் பகவதி சேவைக்குப் போய் உட்காருங்கள். மாலையில் நடக்கும். முதலில் தரையில் பத்மம், அதாவது தாமரைக் கோலம், போடுவார்கள். வெள்ளைக்கு அரிசி மாவு, மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலையைக் காயவைத்து இடித்த பொடி, சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தது. நடுவில் குத்துவிளக்கு. அதில்தான் தேவியை ஆவாகனம் செய்வார்கள். அதற்கு முன்னால் பூஜை செய்பவர் தன் உடம்பிலேயே வேலையைத் தொடங்குவார்: மூச்சை அடக்கி உடம்பின் ஐம்பூதங்களைத் தூய்மையாக்கும் பூதசுத்தி, விரல்களிலும் நெஞ்சிலும் தலையிலும் தொட்டுத்தொட்டு மந்திரத்தை இருத்தும் நியாசம், அப்புறம் கை முத்திரைகள். வாய் முணுமுணுக்கும், கை அசையும், நமக்கு ஒன்றும் புரியாது. முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். கடைசியில் லலிதா சஹஸ்ரநாமமும் நெய்ப்பாயசமும். தெய்வத்தைத் தொழுமுன் உன் உடம்பையே தெய்வத்துக்கு இடமாக்கு என்பதுதான் இதன் அடிப்படை. யூடியூப் வீடியோக்களில் மண்டை ஓடும் சுடுகாடும் காட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். சஹஸ்ரநாமத்துக்கு உரை எழுதிய பாஸ்கரராயர் ஸ்ரீவித்யை என்ற தேவி வழிபாட்டுத் தந்திர மரபில் பெரிய ஆள். காவிரிக் கரையில் குடும்பம் நடத்திய மனிதர்.

சரி, மதுவுக்கும் பாலுறவுக்கும் வருவோம். பஞ்ச மகாரம் என்று மது, மாமிசம், மீன், முத்திரை (இங்கே வறுத்த தானியம்), மைதுனம் ஐந்தும் நூல்களில் இருக்கின்றன. இல்லவே இல்லை என்று பூசி மெழுகுகிறவர்களை நான் நம்புவதில்லை. கௌலம் என்ற சாக்தத் தந்திர மரபுகளில் சிலர் அவற்றை அப்படியே செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் அந்த வழி சொல்லப்படவில்லை. பசு (சாதாரண மனிதன்), வீரன், திவ்யன் என்று சாதகனை மூன்று நிலையாகப் பிரித்து, ஐந்தையும் நேரடியாகத் தொடும் தகுதி வீரனுக்கு மட்டும், அதுவும் குருவின் கண்பார்வையில் என்று வைத்தார்கள். மற்றவர்களுக்கு மதுவுக்குப் பதில் இளநீர், மாமிசத்துக்குப் பதில் இஞ்சி என்று மாற்று உண்டு. குடித்தால் சித்தி கிடைக்குமென்றால் குடிகாரர்கள் எல்லாரும் சித்தர்களாகியிருக்க வேண்டுமே என்று குலார்ணவ தந்திரமே கிண்டல் செய்கிறது. கௌலர்களின் சொந்த நூல் அது! பாலுறவு ஒன்றுதான் தந்திரம் என்ற எண்ணம் 20-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் கொழுத்து, வார இறுதி முகாம் என்ற பெயரில் நம்மிடமே விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ரத்தம்? கேரளக் கோயில்களில் ஆடு கோழி பலி 1968-லேயே சட்டப்படி தடை செய்யப்பட்டது. பகவதி கோயில்களில் குருதி என்ற சடங்கு இப்போதும் நடக்கும். உருளி நிறைய சிவப்பாக நிற்பதைப் பார்த்து தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் திடுக்கிடுவார்கள். அருகில் போய்ப் பார்த்தால் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு. கல்யாண வீட்டு வாசலில் நாம் சுற்றும் ஆரத்தியும் அதேதான்.

இனி பில்லி சூனியம். பொள்ளாச்சி, கோவை பக்கம் மின்கம்பம் விடாமல் ‘மலையாள மாந்திரீகம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்: வசியம், கணவன் மனைவி பிரச்சினை, உடனடிப் பலன். அதை நம்பி வேலந்தாவளம் எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் உண்டு. வந்தவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் திருச்சூர்ப் பக்கம் சாத்தன் சேவைக்கு, அதாவது சாத்தன் என்ற தெய்வத்தை வைத்துச் செய்யும் மாந்திரீகத்துக்கு, கைகாட்டுவார்கள். எப்போதும் அடுத்த மாவட்டத்தில்தான் சக்தி ஜாஸ்தி! தந்திர நூல்களில் வசியம், தம்பனம் (கட்டிப்போடுவது), உச்சாடனம் (விரட்டுவது), மாரணம் (கொல்வது) போன்ற கர்மங்களும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டாம். நம் சித்தர் மரபில் அஷ்டகர்மம் என்பதும் அதுதான். ஆனால் அது அந்தப் பெரிய வீட்டின் ஒரு மூலை. நோட்டீஸ்காரர் விற்பது அந்த மூலைகூட இல்லை, நம் பயத்தை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2022 அக்டோபரில் வெளிவந்த பத்தனம்திட்டா இலந்தூர் வழக்கு போதும். செல்வம் பெருகும் என்ற ஆசையில் இரண்டு பெண்களை நரபலி கொடுத்ததாகப் போலீஸ் வழக்கு. அதில் ஒருவர் தர்மபுரியிலிருந்து வந்து கொச்சியில் லாட்டரி சீட்டு விற்றுப் பிழைத்தவர். எங்கள் ஊரில் வெகுநாள் அதே பேச்சாக இருந்தது. பகவதி சேவைக்குப் பூ வாங்கிக் கொடுப்பவர்கள்கூட ‘தந்திரம்’ என்று சொல்லக் கூசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கொலைக்கும் விளக்குப் பூஜைக்கும் ஒரே பெயரா?

யூடியூப் பார்த்து ஜபித்தால் தலை வெடிக்காது, ரத்த வாந்தியும் வராது. ஆனால் பெரிதாக ஒன்றும் கைகூடவும் செய்யாது. புரஸ்சரணம் என்ற கணக்கைப் பாருங்கள்: மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் உரு, அதாவது அத்தனை லட்சம் தடவை ஜபம். நமசிவாய என்றால் ஐந்து லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு ஹோமம், அதில் பத்தில் ஒன்று தர்ப்பணம், இப்படியே இறங்கிக் கடைசியில் அன்னதானம். தினம் பத்து மாலை, அதாவது 1,080 உரு போட்டாலும் ஜபத்துக்கு மட்டும் ஒன்றேகால் வருஷம். ஏழு நாளில் சித்தி என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

குரு வேண்டும் என்பதற்கும் ஜாதிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். தகுதி தருவது தீட்சை என்பதுதான் தந்திர நூல்களின் நிலை. நடைமுறை வேறாக இருந்தது என்பது வேறு கதை. முறைப்படி பயின்ற யாரும் பூசாரி ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கேரள வழக்கு ஒன்றில் சொன்னது. 2017-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பிராமணர் அல்லாத 36 பேரைச் சாந்திகளாக (பூசாரிகளாக) எடுத்தது.

நீங்கள் ஆரம்பிக்க ஆசைப்பட்டால் சஹஸ்ரநாமம், தேவாரம் போதும். எத்தனையோ வீடுகளில் தீட்சை இல்லாமல்தான் படிக்கிறார்கள். பீஜ மந்திரங்களையும் (ஓரெழுத்து மந்திரங்கள்) பஞ்சதசியையும் (ஸ்ரீவித்யையின் பதினைந்தெழுத்து மந்திரம்) மட்டும் வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடியில், இந்தப் பக்கம் வந்தால் பல கோயில்களில் காலையில் கணபதி ஹோமம், மாலையில் பகவதி சேவை. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள். வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள், உள்ளே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்.