யுங்கின் உளவியலைக் கதைகள் வழியாகக் கற்பது எப்படி?

கேள்வி: சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் உளவியலைக் கதைகள், தொன்மங்கள் வழியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? தனியாகப் படித்தால் போதுமா, நாலு பேரோடு சேர்ந்து பேச வேண்டுமா?

கதையிலிருந்தே தொடங்குங்கள். நிழல் (நாம் நம்முடையதென்று ஒப்புக்கொள்ளாத பக்கம்), அனிமா (ஆணின் மனதுக்குள் இருக்கும் பெண் உரு), ஆழ்படிமம் (எல்லா ஊர்க் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் மூல உரு), கூட்டு நனவிலி (மனிதர் எல்லாருக்கும் பொதுவான, நாம் அறியாத மன ஆழம்) என்ற சொற்களை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் கதைக்குப் போனால், எந்தக் கதையைத் திறந்தாலும் அந்தச் சொற்கள்தான் கண்ணில் படும். கதை காணாமல் போய்விடும். சேர்ந்து பேச வேண்டுமா என்றால், என் அனுபவத்தில் கட்டாயம் பேச வேண்டும். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி, ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். தனியாகப் படித்தபோது எனக்குப் பிடிபடாத பலவும் அங்கேதான் பிடிபட்டன.

யுங்கும் இதைத் தனியறையில் உட்கார்ந்து மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 1900இல் சூரிக் நகரின் பர்கோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இளம் மருத்துவராகச் சேர்ந்தார். நோயாளிகளின் பிரமைகளைப் பிதற்றல் என்று தள்ளிவிடாமல் காதுகொடுத்துக் கேட்டார். அவற்றில் வந்த காட்சிகள் பழைய தொன்மங்களில் வருபவை போலவே இருந்தது அவரை உலுக்கியது. உலகத்துத் தொன்மங்களைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் படிப்பிலிருந்து 1912இல் அவர் எழுதியதுதான் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டோடு அவர் முறித்துக்கொள்ள ஒரு முக்கியக் காரணமானது. 1916இல் சூரிக்கில் உளவியல் மன்றம் தொடங்கியது. 1928 முதல் கனவுகளைப் பற்றி வாராந்தரக் கருத்தரங்கு நடத்தினார். அந்தப் பேச்சுகளின் பதிவைப் படித்தால், கூடியிருப்பவர்கள் குறுக்கே கேள்வி கேட்பதையும், தங்களுக்குத் தெரிந்த கதைகளைச் சொல்வதையும் பார்க்கலாம். 1933 முதல் மஜோரே ஏரிக்கரையில் உள்ள அஸ்கோனாவில் ஈரானோஸ் என்ற அறிஞர் கூட்டங்கள் நடந்தன. இந்தியவியலாளர் ஹைன்ரிக் சிம்மர், கிரேக்கத் தொன்மங்களை ஆராய்ந்த கார்ல் கெரெனி, மதங்களின் வரலாற்றை எழுதிய மிர்சியா எலியாடே எல்லாரும் வெவ்வேறு ஆண்டுகளில் அங்கே பேசியிருக்கிறார்கள்.

கதைகளை எப்படி அணுகுவது என்பதற்கு யுங்கைவிட அவருடைய சக ஆய்வாளர் மரீ-லூயிஸ் வான் ஃபிரான்ஸ்தான் நல்ல ஆசிரியர் என்பேன். 1933இல், பதினெட்டு வயதில் யுங்கைச் சந்தித்தவர். லத்தீன், கிரேக்கப் பிரதிகளை அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார். பிறகு பல ஆண்டுகள் தேவதைக் கதைகளைப் பற்றியே சொற்பொழிவாற்றினார். அவருடைய வழி மிக எளிமையானது. கதை தொடங்கும்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். யார் இல்லை என்று பாருங்கள். சிக்கல் எது, திருப்பம் எங்கே, முடியும்போது யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு படிமம் புரியவில்லையா, அது வேறு எந்தக் கதையில், சடங்கில், நம்பிக்கையில் வருகிறது என்று தேடுங்கள். விளக்கம் அதற்கெல்லாம் பிறகுதான்.

அவர் விரிவாக எடுத்துப் பேசிய கதைகளில் ஒன்று, கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் வரும் மூன்று இறகுகளின் கதை. எங்கள் கூட்டத்தில் அதைப் பேசிய நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். கதை இதுதான். வயதான ராஜாவுக்கு மூன்று மகன்கள். இரண்டு பேர் புத்திசாலிகள், மூன்றாமவன் அதிகம் பேசாத அசடு. அழகான கம்பளம் கொண்டுவருகிறவனுக்கே நாடு என்று சொல்லி, ராஜா மூன்று இறகுகளை ஊதிவிடுகிறார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே பறக்கிறது. மூன்றாவது அங்கேயே தரையில் விழுகிறது. அண்ணன்கள் சிரித்துவிட்டுத் திசைக்கொருவராகப் போகிறார்கள். அசடன் விழுந்த இறகின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். அங்கே தரையில் ஒரு கதவு. திறந்து படியிறங்கினால் குட்டிகள் சூழ ஒரு பெரிய தேரை. அது கம்பளம் தருகிறது. அடுத்த போட்டிக்கு மோதிரம் தருகிறது. அழகான பெண்ணைக் கொண்டுவா என்று ராஜா கேட்கும்போது, குடைந்த கிழங்கு ஒன்றையும் அதை இழுக்க ஆறு எலிகளையும் கொடுத்து, குட்டித் தேரைகளில் ஒன்றை எடுத்து உள்ளே வை என்கிறது. வைத்ததும் அந்தத் தேரை அழகியாகிறது, கிழங்கு வண்டியாகிறது, எலிகள் குதிரைகளாகின்றன. அண்ணன்கள் எதிரே வந்த குடியானவப் பெண்களை அழைத்து வருகிறார்கள். கடைசியாகக் கூடத்தில் தொங்கும் வளையத்தின் வழியே பெண்கள் தாண்ட வேண்டும் என்று அண்ணன்களே ஒரு போட்டி வைக்கிறார்கள். குடியானவப் பெண்கள் விழுந்து கைகால் ஒடிகிறது. தேரைப்பெண் மானைப்போலத் தாண்டுகிறாள். அசடன் ராஜாவாகிறான்.

எங்கள் வழக்கம், ஒருவர் புத்தகம் பார்க்காமல் கதையைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் மனதில் ஒட்டிக்கொண்ட ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது. அன்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் முதல் ஆளாகக் கேட்டார்: “ஏங்க, அப்பாவும் மூணு பசங்களும் இருக்காங்க. அந்த வீட்டுல அம்மா எங்க?” யுங்கை அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை. வான் ஃபிரான்ஸின் விளக்கம் தொடங்குகிற இடமே அதுதான். தொடக்கத்தில் நாலு பேரும் ஆண்கள், பெண் இல்லாத அரண்மனை, கிழடு தட்டிய ராஜா. அதாவது ஒரு சமூகமோ ஒரு மனமோ எதை நம்பி இதுவரை நடந்ததோ அது வறண்டுவிட்டது. விட்டுப்போனது தரைக்குக் கீழே இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் திசையெங்கும் ஓடுகிறது, அதற்கு அது அகப்படுவதில்லை. அசடனுக்கு அகப்படுகிறது, ஏனென்றால் இறகு விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் பொறுமை அவனுக்குத்தான் இருக்கிறது. அனிமா என்று யுங் சொன்னதை இதற்குமுன் எத்தனையோ பக்கங்களில் படித்திருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

அப்புறம் தேரைக்கு வந்தோம். ஏன் தேரை? பவேரியா, ஆஸ்திரியா பகுதிகளில் கருப்பை நோய்க்கு வேண்டிக்கொள்ளும் பெண்கள் மெழுகுத் தேரையைத் தேவாலயத்தில் காணிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்று படித்ததை நான் சொன்னேன். உடனே ஒருவர், நம் கோயில்களிலும் வேளாங்கண்ணியிலும் கை, கால், கண் என்று வெள்ளித் தகட்டில் செய்து போடுவதைச் சொன்னார். இன்னொருவர் தேரை மோந்த தேங்காயைச் சொன்னார், ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. மாடி வீட்டு நண்பரின் அம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கருப்பைக்குள் இருக்கிற உயிருக்கும் படி அளக்கிறவன் ஆண்டவன் என்று பழைய பாட்டே இருக்கிறதே என்றார். தேரையும் கருப்பையும் நம் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில்! அந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது.

இதை வைத்துக் கூட்டு நனவிலி நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உப்பிய வயிறும், மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பி வருவதும் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே நினைப்பைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு படிமத்தை இப்படிப் பல பக்கமிருந்து தொட்டுப் பார்த்தபின் அது வெறும் விலங்காக இல்லை, உயிரும் வெறுமையும் சேர்ந்த ஒன்றாக மனதில் நிற்கிறது. யுங் ‘பெருக்கிப் பார்ப்பது’ என்று சொன்ன முறை இதுதான். ஒருவர் நினைவு மட்டும் இதற்குப் போதாது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் கோபமாகவே கேட்டார்: “அந்தக் குடியானவப் பெண்கள் என்ன தப்பு செஞ்சாங்க? எதுக்கு அவங்க கைகால் ஒடியணும்?” யாரிடமும் பதில் இல்லை. மண்ணுக்கடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து கொண்டாடுகிற கதை, மண்ணில் உழைக்கிற பெண்களை அப்படிக் கீழே தள்ளுகிறது. கதைக்கும் நிழல் உண்டு. அதை அழகான விளக்கத்தால் மூடிவிடக் கூடாது என்று அன்று முடிவுசெய்தோம்.

நிழல் என்பதை நம் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ள சூரபத்மன் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரன் கடைசியில் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் அதைப் பிளக்கிறது. அவன் சாவதில்லை. இரு கூறும் மயிலும் சேவலுமாகிச் சீறி வருகின்றன. முருகன் அருளோடு பார்க்கிறான், அவ்வளவுதான். ஒன்று வாகனம், ஒன்று கொடி. நாம் வெறுத்து ஒதுக்கிய நம் பக்கத்தை அழித்துவிட முடியாது, முகத்துக்கு நேராகப் பார்த்தால் அதன் வலு நமக்கு வாகனமாகும் என்று யுங் சொன்னதைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் வருடாவருடம் லட்சக்கணக்கானோர் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மதுரைவீரன் கதையை எடுங்கள். காசி ராஜாவுக்குப் பிறந்து, கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தான் என்று பாடுகிறார்கள். யுங்கியப் பார்வையில் இது உலகெங்கும் உள்ள கைவிடப்பட்ட வீரக் குழந்தை. கர்ணனையும் மோசேயையும் பக்கத்தில் வைத்து அழகாகப் பேசிவிடலாம். நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்ந்தவர்கள் வேறு ஒன்றைச் சொல்கிறார்கள். அவன் அந்தக் குடியிலேயே பிறந்தவன், மேல்சாதிப் பெண்ணை மணந்தவன் இப்படி வணங்கப்படுவது பொறுக்காமல் ராஜ பிறப்பு பின்னாளில் ஒட்டப்பட்டது என்கிறார்கள். எனக்கு இதுவே சரியென்று படுகிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டது ஒரு மனிதனுக்கு. அதை ஆழ்படிமம் என்று மட்டும் வாசித்தால் வெட்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கொலையுண்டவர்கள் சாமியான கதைகளை எடுக்கும்போது நாங்கள் முதலில் வரலாற்றைப் பேசுகிறோம், வெகுநேரம் கழித்தே மனதைப் பேசுகிறோம்.

யுங்கிடமே இந்தக் கோளாறு உண்டு. 1936இல் அவர் நாஜிகளின் ஜெர்மனியில் நடப்பதை வோட்டான் என்ற பழைய ஜெர்மானியக் கடவுள் விழித்தெழுவதாக விளக்கினார். மனிதர்கள் தெரிந்தே செய்த அரசியலுக்குத் தெய்வத்தின் பெயர் கிடைத்துவிட்டது. முப்பதுகளில் யூத உளவியலைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் வலிக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் படியுங்கள்.

இந்தியாவுக்கு அவர் 1937 கடைசியில் வந்தார், இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அழைக்கப்பட்டு. கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்தபின் கண்ட கனவில் இந்தியாவின் தெய்வம் எதுவும் வரவில்லை. இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத் தீவில் ஒரு கோட்டை. அங்கே புனிதக் கிண்ணத்தை, ஐரோப்பியக் கதைகளில் வீரர்கள் தேடிப்போகும் இயேசுவின் கிண்ணத்தை, கொண்டுவர வேண்டும். அதற்காக அவர் தனியாக நீந்திப் போக வேண்டும். உன் மண்ணின் கதையைப் பார் என்று கனவு சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். நாமும் கிரேக்கத் தொன்மங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பாட்டி சொன்ன கதையை, ஊர்க் கோயில் கதையை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தக் கனவும் ஒரு காரணம்.

படிக்க என்றால், அனியேலா யாஃபேயிடம் யுங் சொல்லி எழுதப்பட்ட தன்வரலாற்றை முதலில் எடுங்கள். அடுத்து, ‘மனிதனும் அவன் குறியீடுகளும்’ (Man and His Symbols) என்று அவர் கடைசிக் காலத்தில் எளிய வாசகர்களுக்காகத் திட்டமிட்ட நூல். அதை எழுத முதலில் மறுத்துவிட்டார். பிறகு, மருத்துவர்களிடம் அல்லாமல் ஒரு பொது இடத்தில் திரண்ட சாதாரண மக்களிடம் தான் பேசுவதாகவும், அவர்களுக்கு அது புரிவதாகவும் கனவு கண்டு சம்மதித்தார். அவர் இறந்தபின் 1964இல் அது வெளிவந்தது. தன் மனக்காட்சிகளை அவர் தனக்காக எழுதி வரைந்துவைத்த, 2009இல் வெளியான சிவப்புப் புத்தகத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

கூட்டம் நடத்துவதில் எங்களுக்கு இரண்டே கட்டுப்பாடு. ஒருவர் சொன்னதை வைத்து அவர் குணத்தை இன்னொருவர் அலசக் கூடாது. “உங்களுக்கு அம்மா மேல கோபம், அதான் அந்தச் சூனியக்காரி பிடிச்சிருக்கு” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம். இரண்டாவது, கனவைச் சொல்லும்படி யாரையும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கதையைக் கேட்பது போலவே கேட்போம். தூக்கமில்லாமல், பயத்தோடு, உடைந்த நிலையில் ஒருவர் வந்தால் கதை பேசி அவரைத் தேற்றப் பார்க்க மாட்டோம். நல்ல மனநல மருத்துவரிடம் போகச் சொல்வோம், தேவைப்பட்டால் ஒருவர் கூடவே போவோம்.