பழைய போன் வாங்குனேன், இப்ப ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடுறாங்க, என்ன செய்றது?

கேள்வி: வணக்கம் சார். நான் கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல சூப்பர்வைசரா இருக்கேன். ரெண்டு மாசம் முன்னாடி பழைய பொருள் விக்கிற ஒரு ஆப்ல பார்த்து தனி ஆள் ஒருத்தர்கிட்ட 19,000 ரூபாய்க்கு போன் வாங்குனேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீக்கடையில வச்சு கை மாத்திக்கிட்டோம், பணம் ஜிபேல போட்டேன். பில் ஊர்ல இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன்னாரு, அனுப்பவே இல்ல. போன வாரம் திடீர்னு நெட்வொர்க் போயிடுச்சு. முந்தாநாள் சென்னையில ஒரு ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம், அது திருட்டு போன், உடனே கொரியர்ல அனுப்பு, இல்லன்னா உன்னையும் கேஸ்ல சேர்ப்போம்னு சொல்றாங்க. வித்தவர் நம்பர் சுவிட்ச் ஆஃப். ஃபிரெண்டு ஒருத்தன் ஐ.எம்.இ.ஐ நம்பரை மாத்திட்டா பிரச்சனை முடிஞ்சிடும்கிறான். என்னை அரெஸ்ட் பண்ணுவாங்களா சார்? பணம் திரும்ப வருமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த ஃபிரெண்டு சொன்னதை அப்படியே விட்டுடுங்க. இன்னைக்கு தேதிக்கு நீங்க ஏமாந்தவர். ஐ.எம்.இ.ஐ-ன்றது ஒவ்வொரு போனுக்கும் இருக்குற தனி அடையாள நம்பர், அதுல கை வச்சா அடுத்த நிமிஷமே நீங்களே குற்றவாளி ஆயிடுவீங்க. 2023 தொலைத்தொடர்பு சட்டம் பிரிவு 42 படி அதுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம். போனை உடைச்சுப் போடுறது, ஆத்துல வீசுறது, வேற ஆளுக்கு வித்துடுறது, இது எதுவும் வேண்டாம், ஏன்னா திருட்டு போன்னு தெரிஞ்சப்புறம் நீங்க என்ன பண்றீங்கன்றதைத்தான் போலீசும் கோர்ட்டும் உத்துப் பார்க்கும்.

அடுத்தது, பேசுனது உண்மையிலேயே போலீஸ்தானான்னு பாருங்க. இப்ப போலீஸ் பேரைச் சொல்லி ஏமாத்துறவங்க எக்கச்சக்கம். கூப்பிட்ட நம்பருக்கே திருப்பிப் பேசாதீங்க, தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல அந்த ஸ்டேஷனோட நம்பர் இருக்கும், அதுக்கு போட்டு இன்ஸ்பெக்டர் பேரு, எஃப்.ஐ.ஆர் நம்பர் இல்ல சி.எஸ்.ஆர் (புகார் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல கொடுக்குற ரசீது) நம்பர் என்னன்னு கேளுங்க. பணம் அனுப்பு, ஓ.டி.பி சொல்லு, வீடியோ கால்ல உக்காருன்னு யாராவது சொன்னா அது மோசடி, நேரா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் போடுங்க. ஆனா உங்க விஷயத்துல நெட்வொர்க் கட் ஆனதை வச்சுப் பார்த்தா பெரும்பாலும் நிஜமான கேஸாத்தான் தெரியுது. போனைப் பறிகொடுத்தவர், தொலைஞ்ச போனை பிளாக் பண்ற அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல பதிஞ்சிருப்பாரு, அதுக்கப்புறம் அந்த போன்ல எந்த சிம் போட்டாலும் அந்த சிம் யார் பேர்ல இருக்குன்ற தகவல் போலீசுக்குப் போயிடும். அப்படித்தான் உங்க நம்பர் அவங்களுக்குக் கிடைச்சிருக்கும்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். பழைய ஐ.பி.சி 411-க்கு பதிலா 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317(2) இருக்கு. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்ப காரணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோட வாங்குனாலோ வச்சிருந்தாலோதான் குற்றம், 3 வருஷம் வரை தண்டனை. தெரியாம வாங்குனவன் குற்றவாளி கிடையாது. ஆனா "நம்ப காரணம்" அப்படின்ற இடத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 60,000 ரூபா போனை பெட்டி இல்லாம பில் இல்லாம 12,000-க்கு வாங்கிட்டு எனக்கு சந்தேகமே வரலன்னு சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. உங்க போனோட அதே மாடல், பழசு, அப்ப என்ன விலைக்குப் போச்சுன்னு நீங்க எழுதல. 22, 23 ஆயிரத்துக்குப் போற மாடல்னா 19,000 நியாயமான விலைதான், பயப்பட வேண்டாம். அதே மாடல் அப்ப எந்தெந்த விலைக்கு இருந்துச்சுன்னு விளம்பரங்கள் கிடைச்சா தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. பில் வராமயே வாங்குனது உங்க பக்கத்து ஓட்டைதான், மறைக்க முடியாது. ஆனா "பில் அனுப்புங்கண்ணா"ன்னு நீங்க திரும்பத் திரும்ப கேட்ட மெசேஜ் இருந்தா அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி.

ஜிபேல போட்டீங்க பாருங்க, அதுதான் உங்களைக் காப்பாத்தப் போவுது. கையில காசா கொடுத்திருந்தா வித்தவர்னு ஒருத்தர் இருந்ததையே நிரூபிக்கத் திணறணும். இப்ப பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதி, தொகை, யு.பி.ஐ நம்பர், வாங்குன அக்கவுண்ட்காரர் பேரு எல்லாம் நிக்குது. பேங்க்ல போய் சீல் வச்ச ஸ்டேட்மென்ட் வாங்கிடுங்க. இன்னொன்னு, ரொம்ப பேர் கோட்டை விடுற விஷயம்: வித்தவரோட பேசுன வாட்ஸ்அப் சாட் இப்ப அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும், போனை போலீஸ்ல கொடுத்துட்டா சாட்சியும் கூடவே போயிடும். அதனால கொடுக்குறதுக்கு முன்னாடியே சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலுக்கு அனுப்புங்க, ஆப்ல விளம்பரம் இன்னும் இருந்தா அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பின்னாடி கோர்ட்ல கொடுக்கணும்னா பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 படி ஒரு சான்றிதழ் வைக்கணும், அதை வக்கீல் பார்த்துப்பாரு.

கொரியர்ல அனுப்பலாமான்னா, நடைமுறையில நிறைய ஸ்டேஷன்ல அப்படிக் கேக்கத்தான் செய்றாங்க, ஆனா நான் உங்களை வெறும் போன் காலை நம்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். எழுத்துல கேளுங்க. பொருளைக் கொண்டுவரச் சொன்னா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94, சாட்சியா கூப்பிட்டா 179, சந்தேக நபரா கூப்பிட்டா 35(3) நோட்டீஸ், இதுல எதுன்றது முக்கியம். சாட்சிக்கு 179-ல ஸ்டேஷனோட எல்லையும் பக்கத்து ஸ்டேஷன் எல்லையும்தான் கணக்கு, கோவையில இருக்குறவரை சென்னைக்கு வரச் சொல்ல அந்தப் பிரிவு போதாது. அதுக்காக முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, உங்க ஏரியா ஸ்டேஷன்லேயே ஒப்படைக்கிறேன், அங்க இருந்து எடுத்துக்கோங்கன்னு பணிவா ஒரு மெயில் போடுங்க. 35(3) நோட்டீஸ் வந்தா மட்டும் தட்டிக் கழிக்காம போயே ஆகணும், போகலன்னா அரெஸ்ட்டுக்கு வழி ஆயிடும்.

கொடுக்குறப்ப சிம்மை எடுத்துடுங்க, ஜிபே, பேங்க் ஆப் எல்லாத்துலயும் லாக் அவுட் பண்ணிடுங்க, ஆனா ரீசெட் பண்றதுன்னா விசாரணை அதிகாரியைக் கேட்டுட்டு பண்ணுங்க. ஐ.எம்.இ.ஐ நம்பர் எழுதுன மகஜர் (பொருளைக் கைப்பற்றுனதுக்கு போலீஸ் எழுதுற பத்திரம்) இல்ல ஒப்புகை ரசீது கையெழுத்தோட கிடைக்காம அங்க இருந்து நகராதீங்க.

பணம் விஷயம். போன் உங்களுக்குக் கிடைக்காது, இதை மனசுல ஏத்திக்கோங்க. 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 27 படி, திருடனுக்கே சொந்தமில்லாத பொருளை அவன்கிட்ட வாங்குனவருக்கும் சொந்தமாகாது, வாடகைக்கு இருக்குறவர் வீட்டை வித்துட முடியாத மாதிரிதான். ஆனா அதே சட்டத்துல பிரிவு 14, விக்கிறவருக்கு விக்க உரிமை இருக்கணும்கிறது, அது இல்லாததால 19,000-ஐ வித்தவர்கிட்ட திருப்பிக் கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்க ஏரியா ஸ்டேஷன்ல பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4) மோசடிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் வாங்குங்க, சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதியுங்க. ரெண்டு மாசம் ஆயிட்டதால அந்த அக்கவுண்ட்ல பணம் நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, ஆனா அக்கவுண்ட்காரர் யாருன்னு பிடிக்க புகார் வேணும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவும் இருக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 499. திருடனுக்கு தண்டனை ஆகி, அவனைப் பிடிச்சப்ப அவன்கிட்ட இருந்து பணம் கைப்பற்றப்பட்டிருந்தா, தெரியாம வாங்குனவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தப்புறம் அந்தப் பணத்துல இருந்து தன் விலையைக் கேட்டு கோர்ட்ல மனு போடலாம். அதனால எஃப்.ஐ.ஆர் நம்பரை பத்திரமா வச்சிருங்க. நுகர்வோர் கோர்ட் உங்களுக்கு சரியா வராது, ஒரு தடவை தன் போனை வித்த தனி ஆள் வியாபாரி கிடையாது. அவர் இதையே தொழிலா பண்றவர்னு தெரிஞ்சா அப்ப யோசிக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இலவச சட்ட உதவி நம்பர் 15100-லயும் கேக்கலாம்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு. வாங்குறதுக்கு முன்னாடி *#06# அடிச்சு வர்ற 15 இலக்க நம்பரை பெட்டியிலயும் பில்லுலயும் இருக்குறதோட ஒப்பிடுங்க, கே.ஒய்.எம்-னு இங்கிலீஷ்ல போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த நம்பரை 14422-க்கு மெசேஜ் அனுப்புங்க. பிளாக் லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கனவே பயன்பாட்டில்னு பதில் வந்தா அப்படியே திரும்பிடுங்க. ஆனா இது மட்டும் போதாது, பறிகொடுத்தவர் லேட்டா பதிஞ்சா நீங்க வாங்குற அன்னைக்கு எல்லாம் சுத்தமாத்தான் காட்டும், இந்தத் தம்பி விஷயத்துலயும் அப்படி இருந்திருக்கலாம். அதனால வித்தவரோட ஐ.டி காப்பி, "இந்த ஐ.எம்.இ.ஐ போனை இவ்வளவு தொகைக்கு இவருக்கு வித்தேன்"னு கையெழுத்து போட்ட ஒரு பேப்பர், அவர் பேர்லயே இருக்குற அக்கவுண்ட்டுக்கு பணம், இந்த மூணும் வேணும். திருட்டுப் பொருள் விக்கிறவன் ஐ.டி கேட்டாலே நழுவிடுவான். கூகுள், ஆப்பிள் ஐ.டியை உங்க கண்ணு முன்னாடியே அவரே லாக் அவுட் பண்ணணும், பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு சொன்னா வாங்காதீங்க. ராணுவத்துல இருக்கேன், ட்ரான்ஸ்ஃபர், அட்வான்ஸ் போடுங்க கொரியர்ல வரும்னு சொல்றதெல்லாம் ரொம்ப நாளா ஓடுற மோசடி.

தம்பி, நோட்டீஸ் வந்ததும் எந்தப் பிரிவு போட்டிருக்குன்னு பார்த்து எனக்கு எழுதுங்க, பதில் கடிதம் எப்படி எழுதணும்னு சொல்றேன். அதுவரைக்கும் போனை சுவிட்ச் ஆஃப் பண்ணி, பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒரே கவர்ல போட்டு வையுங்க.