பிரவுசரில் பூட்டு தெரிகிறது, ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் இணைய மறுக்கிறதே?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஆர்டர் பதிவுச் செயலி லினக்ஸ் சர்வரில், ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் 9ல் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கிப் போடுவோம். இந்த முறை வந்த ஜிப்பில் எங்கள் டொமைன் பெயரில் ஒரு கோப்பும், ‘பண்டில்’ என்று இன்னொரு கோப்பும் இருந்தன. முதல் கோப்பையும் பிரைவேட் கீயையும் (சர்வரின் ரகசியச் சாவி) சேர்த்து ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி மூலம் பி12 கோப்பாக்கினேன். டாம்கேட்டை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கணினியில் குரோம் புதிய தேதியைக் காட்டுகிறது, எச்சரிக்கை ஏதும் இல்லை. விற்பனைப் பிரதிநிதிகளின் ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் இணைய மறுக்கிறது. ஆப் எழுதியவர் சர்வரில் கோளாறு என்கிறார், சான்றிதழ் விற்றவர் ஆப்பில் கோளாறு என்கிறார். யார் சொல்வது சரி? ஆண்டுதோறும் இந்தப் பாடு படாமல் இருக்க வழி உண்டா?

பதில்: ஆப் எழுதியவர் சொல்வதுதான் சரி. நீங்கள் ஒதுக்கி வைத்த பண்டில் கோப்பில்தான் விஷயமே இருக்கிறது.

உங்கள் டொமைன் சான்றிதழில் ரூட், அதாவது சான்றிதழ் தரும் தலைமை நிறுவனம், நேரடியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. நடுவில் ஒரு இடைநிலைச் சான்றிதழ் இருக்கும், பண்டிலில் இருப்பது அதுதான். அதுதான் உங்களுடையதில் கையெழுத்திடுகிறது, அதில் ரூட் கையெழுத்திட்டிருக்கும். போனிலோ கணினியிலோ முன்கூட்டியே பதிந்திருப்பது ரூட் மட்டும்தான். ஆகவே தன் சான்றிதழோடு இடைநிலையையும் சேர்த்துக் கொடுப்பது சர்வரின் பொறுப்பு. கொடுக்காவிட்டால் கணினிப் பிரவுசர்கள் எப்படியோ சமாளித்துவிடும். சான்றிதழுக்குள்ளேயே இருக்கும் முகவரியிலிருந்து குரோம் இடைநிலையைத் தானே இறக்கிக்கொள்ளும், ஃபயர்பாக்ஸ் முன்பே சேர்த்து வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆப்கள் அப்படித் தேடிப் போவதில்லை. ஜாவாவும் வழக்கமான அமைப்பில் போகாது. உங்கள் சர்வரை இன்னொரு ஜாவா நிரல் அழைக்கிறது என்றால் அதன் லாகில் ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு’ என்ற வரி வந்திருக்கும், பாருங்கள்.

அதனால் பிரவுசரில் பூட்டு தெரிவதைச் சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வரையே கேட்டுவிடலாம். வேறொரு கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை உங்கள் டொமைனுக்கும் போர்ட்டுக்கும் ஓட்டுங்கள். சர்வர்நேம் என்ற தேர்வில் டொமைன் பெயரைத் தர மறக்க வேண்டாம். ஒரே ஐபியில் பல தளங்கள் இருந்தால், அது இல்லாமல் வேறு தளத்தின் சான்றிதழ் வந்து குழப்பிவிடலாம். வெளியீட்டின் தொடக்கத்தில் ‘சர்டிபிகேட் செயின்’ (சான்றிதழ்ச் சங்கிலி) என்று ஒரு பகுதி வரும். அதில் 0 என்ற எண்ணில் உங்கள் டொமைனும், அதற்குக் கீழே கையெழுத்திட்டவர் பெயரும் இருக்கும். அடுத்து 1 என்ற எண்ணில் அந்தக் கையெழுத்திட்டவரின் சான்றிதழ் இருக்க வேண்டும். உங்களுக்கு 0 மட்டும்தான் வரும் என்று நினைக்கிறேன், கடைசியில் சரிபார்ப்பு எண் 21 என்றும் காட்டும். முதல் சான்றிதழையே சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் அந்த 21. எல்லாம் சரியாக இருந்தால் 0.

தீர்வு சின்னதுதான். பி12 கோப்பை மறுபடி உருவாக்குங்கள், இந்த முறை சர்ட்ஃபைல் என்ற தேர்வில் பண்டில் கோப்பையும் கொடுங்கள். டாம்கேட்டில் போடும் முன் ஜாவாவோடு வரும் கீடூலில் விரிவான பட்டியல் எடுத்துப் பாருங்கள். ‘பிரைவேட் கீ என்ட்ரி’ என்றும், செயினின் நீளம் 2 அல்லது அதற்கு மேல் என்றும் இருக்க வேண்டும். நீளம் 1 என்றால் பழைய கதைதான். ‘டிரஸ்டட் சர்ட் என்ட்ரி’ மட்டும் இருந்தால் கீ உள்ளே சேரவே இல்லை. கீடூலிலேயே கீயை உருவாக்கி, வந்த சான்றிதழை வேறு அலையஸ் பெயரில் இறக்குமதி செய்தால், கீயும் சான்றிதழும் சேராமல் தனித்தனிப் பதிவுகளாக நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 உருவாக்கும் பி12 கோப்பை, 8யூ301க்கு முந்தைய ஜாவா 8 பதிப்புகளால் படிக்க முடியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கீஸ்டோர், அதாவது அந்த பி12 கோப்பு, திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் அங்கே போகட்டும். ஜாவாவைப் புதுப்பிப்பதுதான் நல்லது. முடியாது என்றால் லெகசி என்ற தேர்வோடு கோப்பை உருவாக்குங்கள்.

அப்புறம், ஆப்பில் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அதன்பின் நடுவில் யார் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டாலும் ஆப்புக்குத் தெரியாது. பிரதிநிதிகளின் பாஸ்வேர்டு அத்தனையும் அந்த வழியாகத்தான் போகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கமே முடிவுக்கு வருகிறது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளாக இருந்தது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். 47 நாளுக்கு ஒருமுறை ஜிப்பைப் பிரித்து பி12 செய்துகொண்டிருப்பது ஆகாத காரியம். 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதே காலாவதியான ஒரு சான்றிதழால்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

என் யோசனை, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்கு மாறுங்கள். இலவசம், வழக்கமாக 90 நாள் செல்லும், சர்ட்பாட் என்ற கருவி தானே புதுப்பித்துவிடும். டொமைன் உங்களுடையதுதானா என்று சோதிக்க வெளியிலிருந்து 80ஆம் போர்ட்டுக்கு வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஎன்எஸ் மூலம் நிரூபிக்கலாம். முதலில் டிரை-ரன் (ஒத்திகை) தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். நிஜச் சேவையில் தவறான முயற்சிகளை அடுக்கினால் சிறிது காலத்துக்குத் தடுத்துவிடுவார்கள்.

டாம்கேட் பக்கத்தில் பி12 தேவையே இல்லை. 8.5லிருந்தே சர்ட்பாட் தரும் பெம் கோப்புகளை நேரடியாகப் படிக்கும். டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் உங்கள் கனெக்டருக்குள் எஸ்எஸ்எல்ஹோஸ்ட்கான்ஃபிக், அதற்குள் சர்டிபிகேட் என்ற பகுதி. அதில் கீ, சான்றிதழ், செயின் ஆகிய மூன்று கோப்புகளின் பாதைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். செயின் கோப்பில் உங்கள் சான்றிதழ் இருக்கக் கூடாது. ஆகவே சர்ட்பாட் தரும் கோப்புகளில் கீயோடு சர்ட்.பெம், செயின்.பெம் இரண்டையும் எடுங்கள், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஃபுல்செயினை விட்டுவிடுங்கள்.

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்: சர்ட்பாட் தன் கோப்புகளை லினக்ஸின் முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் மட்டும் படிக்கும்படி வைக்கும், டாம்கேட் ரூட்டாக ஓடாது, ஓடவும் கூடாது. சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள். புதுப்பித்தல் நடக்கும்போதெல்லாம் அது மூன்று கோப்புகளையும் டாம்கேட்டின் கான்ஃப் அடைவுக்கு நகலெடுத்து, டாம்கேட் குழு படிக்கும்படி 640 அனுமதி கொடுத்து, டாம்கேட்டோடு வரும் மேனேஜர் செயலியின் எழுத்து இடைமுகத்தில் எஸ்எஸ்எல்ரீலோடு கட்டளையை அழைக்கட்டும். அதற்கு மேனேஜர்-ஸ்கிரிப்ட் பொறுப்புள்ள ஒரு பயனர் தேவை. இப்படிச் செய்தால் டாம்கேட்டை நிறுத்த வேண்டியதில்லை. புதிய இணைப்புகள் புதிய சான்றிதழைப் பெறும். ஆனால் இந்தக் கட்டளை சர்வர்.எக்ஸ்எம்எல்லை மறுபடி படிக்காது. எனவே கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதே பெயரில் மேலெழுதுங்கள்.

டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்திருந்தால் இந்த வேலை முழுக்க அங்கே போய்விடும், சான்றிதழுக்காக டாம்கேட்டைத் தொடவே வேண்டாம். வெளியிலிருந்து வந்தது எச்டிடிபிஎஸ் என்று டாம்கேட்டுக்குத் தெரிவிக்கும் ரிமோட் ஐபி வால்வை மட்டும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லாகின் ஆனதும் பக்கம் எச்டிடிபிக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்க வேண்டாம், லெட்ஸ் என்க்ரிப்ட் அந்தச் சேவையை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. வேறொரு கணினியில் தினமும் ஒரு க்ரான் வேலை ஓடட்டும். எஸ்-கிளையன்ட் தரும் சான்றிதழை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளைக்குக் கொடுத்து, செக்எண்ட் தேர்வில் 1209600 என்று போடுங்கள். அது 14 நாளுக்கான நொடிகள். அதற்குள் முடிகிறது என்றால் உங்களுக்குத் தகவல் வரும்படி செய்துவிடுங்கள். வட்டில் உள்ள கோப்பைச் சோதித்துப் பயனில்லை, ஓடும் போர்ட்டைத்தான் சோதிக்க வேண்டும். கோப்பு புதிதாக இருக்கும், ஹுக் தவறியிருந்தால் டாம்கேட் நினைவில் வைத்திருப்பது பழையதாகவே இருக்கும்.