அழுகை அம்மாவுக்கு இரண்டு பக்கமா?

கேள்வி: சென்ற இதழில் எஸ்.என்.லட்சுமிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். காலமெல்லாம் அம்மா, பாட்டி வேஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவருக்கு இது கொஞ்சம் அதிகமில்லையா?

பதில்: மூக்கைச் சிந்தினாரா? 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதில் கை நீளமான பாட்டியாக வந்து, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டே அவர் பண்ணுகிற அட்டகாசத்தில் எந்த இடத்தில் அழுகை இருக்கிறது?

அழ வைத்த படங்களும் உண்டு, மறுக்கவில்லை. 'சர்வர் சுந்தர'த்தில் (1964) நாகேஷுக்கு அம்மா. அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது, 'மகன்' நாகேஷோ முப்பதைத் தாண்டியவர்! நம் சினிமாவின் கணக்கு அப்படி. நாயகன் இளைஞனாகவே இருப்பார், அதற்காக யாரோ ஒரு பெண் சீக்கிரமே தலையில் நரையைப் பூசிக்கொள்ள வேண்டும். அதைச் சலிப்பில்லாமல் செய்தவரைத்தான் நீங்கள் 'வெறும் பாட்டி' என்கிற தொனியில் கேட்கிறீர்கள்.

இவர் நேராக கேமரா முன்னால் வந்து நின்றவரும் இல்லை. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் குழுவில் பழகியவர். மேடையில் வசனம் மறந்தால் 'கட்' சொல்ல ஆள் கிடையாது, கடைசி வரிசை ஆளுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த பலரும் அந்த உரத்த குரலைக் கடைசிவரை இறக்கத் தெரியாமல் கஷ்டப்பட்டார்கள் (பெயர் சொன்னால் எனக்கு வம்பு). லட்சுமி இறக்கக் கற்றுக்கொண்டார். 'மகாநதி'யில் (1994) கமலின் மாமியாராக வருவாரே, மருமகன் சிறையில் இருக்க, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கையில் காசில்லாமல் நிற்கும் அந்தக் கிழவி எங்கே சார் கத்துகிறாள்? அவள் செத்ததும் பிள்ளைகள் நாதியற்றுப் போகிறார்கள் என்பது நமக்கு உறைக்கிறதென்றால், அதுவரை சத்தம் போடாமல் அந்த வீட்டை அவள் தாங்கிக்கொண்டிருந்ததை நாம் நம்பியதால்தான்.

2012-இல் இறக்கும்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை டிவி சீரியலிலும் பாட்டியாக நடித்துக்கொண்டிருந்தார். 'சர்வர் சுந்தரம்' காலத்துக் கதாநாயகிகளில் எத்தனை பேருக்கு அப்படி வாய்த்தது, எண்ணிப் பாருங்கள்.

அப்புறம், அந்த இரண்டு பக்கம். நாலு பக்கம் கேட்டேன், விளம்பரம் வந்துவிட்டது.